வயது வந்தபின் ஹவாய் கிதார்

இசையைக் கேட்டு இன்புறுவதற்கு வயது வரம்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பயில்வதற்கு மட்டும் வரம்பு உண்டென்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை இதற்குத் துணையாகக் கொள்வாரும் உளர். உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களிடையே இவ்வெண்ணம் இன்னும் உறுதியாகவே காணப்படுகிறது. இளமையில் வாய்ப்பு இல்லை; இப்போது வயது கடந்துவிட்டது; மேலும் இவ்வூரில் வீணைக்கு ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்று ஏக்கத்துடன் நின்றுவிடுகிறார்கள். இத்தகையோருக்கு மிகவும் பொருத்தமான ஒரு வாத்தியம் இந்நாட்டின் சில நகரங்களில், குறிப்பாகக் கொல்கத்தாவில், வேரூன்றியிருக்கிறது. அதுவே ஹவாய் கிதார். அதன் வரலாற்றையும், வயது வந்தவர் அதனைத் தொடங்க வேண்டிய முறையையும் இங்கே காண்போம்.

கடல் கடந்து வந்த கருவி

சாதாரணக் கிதாரை மார்போடு அணைத்து, இடக்கை விரல்களால் தந்திகளை மெட்டுகளின்மேல் அழுத்தி வாசிப்பர். ஹவாய் கிதாரையோ மடிமீது மல்லாக்கக் கிடத்தி, தந்திகளின்மேல் ஓர் உருக்குக் கட்டையை வழுக்கி வாசிப்பர். இந்த முறை பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. ஜோசப் கெகுகு என்னும் மாணவர் இதனைக் கண்டறிந்து செம்மைப்படுத்தினார் என்பது பெரும்பாலோர் கூறும் வரலாறு. 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசைஞர்கள் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க மக்கள் இந்த நாதத்தில் மயங்கினர். அதன்பின் இது உலகெங்கும் பரவிற்று.

1940களில் டௌ மோ என்னும் ஹவாய்க் கலைஞர் தம் குடும்பத்தாருடன் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அந்நகரத்து மக்கள் இக்கருவியை விருந்தாளியாக வைத்திராமல் வீட்டுப்பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர். ரவீந்திர சங்கீதத்தை இதில் வாசித்து வடுக் நந்தி புகழ்பெற்றார். கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தர் தம் தந்தையாரின் பாடல்களை இதில் இசைத்தார். திரைப்பாடல்களைச் சுனில் கங்குலி வாசிக்க, இசைத்தட்டுகள் வழியாக அவை வீடுதோறும் ஒலித்தன. ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா, உஸ்தாத் அலி அக்பர் கானிடம் பயின்று, இராக ஆலாபனைக்கே உரிய கருவியாக இதனை உயர்த்தினார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராஸியா ஆகியோருடன் அவர் 1967இல் வெளியிட்ட 'கால் ஆஃப் தி வேலி' என்னும் இசைத்தட்டு இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. ஜெய்ப்பூர் விசுவ மோகன் பட் இக்கருவியை மாற்றியமைத்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994இல் கிராமி விருதும் பெற்றார்.

இனி, தமிழர்க்கு இம்முறை அடியோடு புதியதும் அன்று. நம் கோட்டுவாத்தியம், அதாவது சித்திரவீணை, மெட்டுகள் இன்றி ஒரு கட்டையைத் தந்திமேல் ஓட்டி வாசிக்கப்படுவதே. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகியோர் அதன் பெருமையை நிலைநாட்டியவர்கள். ஆகவே ஹவாய் கிதாரின் வழுக்கு நாதம் நம் செவிக்குப் பழகிய ஒன்றேயாகும்.

மிதிகட்டை உடைய கிதார்

இக்கருவியின் மற்றொரு கிளை அமெரிக்காவிலேயே வளர்ந்தது. அதற்குப் பெடல் ஸ்டீல் கிதார் என்று பெயர். அதற்கு உடலும் இல்லை, மடியும் வேண்டியதில்லை. கால்களின்மேல் நிற்கும் ஒரு மேசையைப் போன்றது. பெரும்பாலும் பத்துத் தந்திகள் உண்டு. இடக்காலால் மிதிகட்டைகளை அழுத்தியும், முழங்கால்களால் நெம்புகோல்களைத் தள்ளியும், குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ இயலும். வலக்கால் ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும். வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளிவந்த 'ஸ்லோலி' என்னும் பாடலில் பட் ஐசக்ஸ் இதனை வாசித்தார்; ஒரு தந்தி அசையாது நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் வளைந்து ஏறும் அந்த ஒலி நாஷ்வில் நகரத்து இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் மேனாட்டு இசைக்கு இந்த ஏற்பாடு பெரிதும் பயன்படும். நம் சங்கீதமோ ஒரே ஸ்வர ஓட்டத்தைப் பற்றிச் செல்வது. அதற்கு மிதிகட்டைகள் இன்றியமையாதவை அல்ல. இரு கைகளுடன் இரு கால்களையும் இரு முழங்கால்களையும் ஒருங்கே பழக்குவது தொடக்கநிலையினர்க்குப் பெருஞ்சுமையுமாகும். ஆதலால் மடிமேல் வைக்கும் ஆறு தந்திக் கிதாரிலேயே தொடங்குவது அறிவுடைமை. அதில் கட்டை பிடிக்கும் கை பழகிவிட்டால், பின்னர் விரும்புவோர் பெடல் ஸ்டீலுக்கும் செல்லலாம்.

கருவியும் அமர்வும்

கொல்கத்தாவில் லால் பஜாருக்கு அருகே ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக உள்ளன. புதுக் கிதாரே வாங்க வேண்டுமென்பதில்லை. உருக்குத் தந்தி பூட்டிய சாதாரணக் கிதாரின் மேருவை உயர்த்தி, தந்திகள் மெட்டுகளைத் தொடாதவாறு செய்தால் அதுவே ஹவாய் கிதார் ஆகிவிடும். இதனுடன் உருக்குக் கட்டை ஒன்றும், வலக்கைக் கட்டைவிரலுக்கும் இரு விரல்களுக்கும் அணியும் 'பிக்'குகளும் வேண்டும்.

கையில்லாத நாற்காலியில், தொடைகள் தரைக்கு இணையாக இருக்குமாறு அமர்க. கட்டையைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, ஆள்காட்டி விரலை அதன் மேலே வைக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டைக்குப் பின்னால் தந்திகளின்மேல் மெல்லப் படிந்து வரவேண்டும். அவை அவ்வாறு படியாவிடில், வேண்டாத இரைச்சல் எழும். கட்டையை அழுத்துதல் கூடாது. அதன் சொந்த எடையே போதும். அழுத்தினால் சுருதி ஏறிவிடும், கையும் விரைவில் சோரும்.

சுருதி கூட்டும் முறைகள் பல. அவற்றுள் ஒன்று, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ப, ஸ, ப, ஸ, க, ப என்று அமைப்பது. மற்றொன்று ஸ, ப, ஸ, க, ப, ஸ என்பது. நம் இசையை வாசிக்க விரும்புவோர்க்குப் பின்னது எளிது; ஏனெனில் முதல் தந்தியைத் திறந்து மீட்டினாலே ஷட்ஜம் ஒலிக்கும்.

கண்ணைவிடச் செவியே குரு

இந்தக் கருவியின் இனிமையும் இன்னலும் ஓரிடத்திலேயே உள்ளன. வீணையிலும் சாதாரணக் கிதாரிலும் மெட்டு இருப்பதால், விரல் சற்று முன்பின் ஆனாலும் ஸ்வரம் பெரிதும் கெடுவதில்லை. ஹவாய் கிதாரில் அந்தக் காப்பு இல்லை. மெட்டுக் கோடுகள் வழிகாட்டும் மைல்கற்களேயன்றி ஊரே அல்ல.

தந்தியின் ஒலிக்கும் நீளம் 63 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சரிபாதியான 12ஆம் கோட்டில் மேல் ஷட்ஜம் கிடைக்கும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்குமிடத்தில், அதாவது 7ஆம் கோட்டில், பஞ்சமம் கிடைக்கும். இங்கே கோட்டுக்கும் உண்மையான பஞ்சமத்துக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடுகூட வராது. ஆனால் அந்தர காந்தாரத்தின் கதை வேறு. தம்புராவுடன் இழைந்து நிற்கும் காந்தாரம், ஐந்தில் நான்கு பங்கு நீளத்தில் பிறப்பது. 4ஆம் கோடோ பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம இடைவெளியாகப் பகிர்ந்து போடப்பட்டது. ஆகையால் கோட்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் முன்னதாகவே, மேருவின் பக்கமாக, கட்டை நிற்க வேண்டும். கோட்டை நம்பியவர் கையில் காந்தாரம் சற்றே கூர்மையாக ஒலிக்கும். செவியை நம்பியவர் கையில் அது தேனாக இறங்கும்.

மேலும், மேருவின் அருகே ஒரு ஸ்வர இடைவெளி சுமார் 3.5 சென்டிமீட்டர், 12ஆம் கோட்டின் அருகே அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. எனவே மேலே செல்லச் செல்ல, கை அதே அளவு தவறினாலும் காதுக்கு இரு மடங்காகத் தெரியும்.

இங்கேதான் வயது வந்தவரின் உயர்வும் இடரும் வெளிப்படுகின்றன. நாற்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டவருடைய செவி மிகக் கூர்மையானது. குழந்தைக்குக் கேளாத பிழை அவருக்குக் கேட்கும். அதுவே அவருடைய மூலதனம். ஆனால் அதே செவி, தம் கை எழுப்பும் ஒலியைக் கேட்டு நாணமுறும். குழந்தை அபஸ்வரத்தைப் பொருட்படுத்தாமல் வாசித்துக்கொண்டே போகும். பெரியவரோ கருவியை உறையிலிட்டு மூடிவிடுவார். வயது வந்த மாணாக்கர் பலர் இடையில் நின்றுவிடுவது விரல் வளையாமையால் அன்று, இந்த நாணத்தாலேயே. பிழை காதில் விழுகிறதென்றால் பாதிப் பாடம் முடிந்ததென்றே பொருள். மீதிப் பாதி கைக்கு உரியது; அதற்குக் காலம் மட்டுமே வேண்டும்.

முதல் ஆண்டின் பாடம்

முதல் மாதம் ஒரே தந்தியில் மூன்றே ஸ்வரங்கள் போதும்: ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். மின்னணுத் தம்புராவை ஒலிக்கவிட்டு, ஸ்வரத்தை முதலில் வாயால் பாடி, பின்னர் கட்டையை அங்கே கொண்டுசெல்க. சரியாகச் சேர்ந்தால் கிதாரின் ஒலி தம்புராவுக்குள் மறைந்துவிடும். சேராவிடில் இரண்டும் தனித்தனியே நின்று நடுங்கும். கண்ணை மூடிச் சிலமுறை முயன்று, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்க்கலாம்.

இரண்டாம் மாதம் முதல் மோகன இராகத்தை எடுத்துக்கொள்ளலாம். திறந்த தந்தியில் ஷட்ஜம். பின்னர் 2, 4, 7, 9, 12 ஆகிய கோடுகளின் அருகே ஏனைய ஸ்வரங்கள். ஐந்தே ஸ்வரங்கள் ஆதலின் கை குழம்புவதில்லை. வடநாட்டில் இதே ஸ்வரங்களை உடைய இராகத்தைப் பூபாளி என்பர். கொல்கத்தாவில் வங்காளி ஆசிரியரிடம் பயிலச் சென்றாலும் அவருக்கும் நமக்கும் பொதுவான வாசல் ஒன்று இதனால் திறந்திருக்கிறது. அவர் வாசிக்கும் பூபாளியின் பிடிகளையும் நம் மோகனத்தின் பிடிகளையும் ஒப்பிட்டுக் கேட்பதே ஒரு நல்ல கல்வி.

கைக்கு ஸ்வரத்தானங்கள் ஓரளவு படிந்தபின் வலக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தை எழுப்புவது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் அதனை உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம். நிறுத்தக் கல்லாதவர் வாசிப்பில் எல்லா ஸ்வரங்களும் ஒன்றோடொன்று கலங்கி ஓடும்.

கமகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜாரு இக்கருவிக்கு இயல்பாகவே வரும். அதனாலேயே தொடக்கநிலையினர் எல்லா இடங்களிலும் வழுக்கத் தலைப்படுவர். அது சர்க்கரையை அள்ளிக்கொட்டிய பாயசம் போலாகும். முதலில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைவின்றி நிறுத்தப் பழகுக. கட்டையை மெல்ல உருட்டி எழுப்பும் அசைவைப் பிறகு சேர்க்கலாம். அசைவால் சுருதிப் பிழையை மூடிமறைக்க முயல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பது, ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதினும் பன்மடங்கு பயன் தரும். அலுவலகத்திலிருந்து களைத்து வருவோர் காலையில் அந்த இருபது நிமிடத்தை ஒதுக்கிக்கொள்வது நலம். தோளிலோ மணிக்கட்டிலோ வலி கண்டால் உடனே நிறுத்த வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அண்டை அயலார்க்கு இடையூறு நேராமலிருக்க, குதிரையின் அருகே தந்திகளுக்கு அடியில் மெல்லிய துணியைச் செருகிக்கொள்ளலாம். மின்சாரக் கிதார் உடையோர் செவிக்கருவி அணிந்து வாசிக்கலாம்.

இவ்வாறு ஓராண்டு பயின்றவர் மேடையேறத் தகுதி பெறுவார் என்று கூற இயலாது. தமக்கு உவந்த சில பாடல்களைச் சுருதி வழுவாமல், மெதுவாக, தாமே வாசித்து இன்புறும் நிலையை எய்தலாம். அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. பிழைக்க வந்த ஊர் பலருக்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அலுவலகமும் கடைத்தெருவுமாகவே இருந்துவிடுகிறது. அவ்வூரார் போற்றும் ஒரு வாத்தியத்தை அவ்வூர் ஆசிரியர் ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்து கற்பவர், அந்த ஊரின் முற்றத்துக்குள் நுழைந்துவிடுகிறார். லேக் மார்க்கெட் பகுதியில் ஒரு தமிழர் வீட்டில் மோகனம் ஒலிக்கும்போது, அடுத்த வீட்டு வங்காளியார் அதைப் பூபாளி என்று கேட்டு மகிழக்கூடும். இருவர் சொல்வதும் சரியே.