தடுமாறி ஓடுபவருக்குக் கைதட்டலாமா?

1984 ஆகஸ்ட் 5. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார். ஆனால் அந்தப் பந்தயம் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது 37-ஆவது இடத்தில் வந்தவர்தான். சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் ஸ்டேடியத்துக்குள் நுழையும்போதே உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, ஒரு கை துவண்டு தொங்கியது. கடைசிச் சுற்று 400 மீட்டரைக் கடக்க ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் வந்த மருத்துவர்களைக் கையசைத்து விலகிப் போகச் சொன்னார். அவர்கள் தொட்டுவிட்டால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. உலகம் டிவியில் பார்த்தது.

மறுநாள், ஆகஸ்ட் 6. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க இறங்கிய வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அந்த முயற்சியிலேயே உயிரிழந்தார். வயது 41. அதைப் பார்க்க உலகம் டிவி முன் உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. டிவியில் ஒருவர் தள்ளாடி வருவதைப் பார்த்துக் கைதட்டுகிறோமே, அது அவருடைய மன உறுதிக்கா, அல்லது அவர் பிழைத்துக்கொண்ட அதிர்ஷ்டத்துக்கா?

சோபாவில் இருந்து பார்க்கும் சுகம்

நீண்ட தூரப் பந்தயங்களை டிவியில் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே ஆக்லாந்தில் ஜூலை மாதக் குளிரில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கம்பளிக்குள் காலைச் சுருட்டிக்கொண்டு, பிரான்சின் வெயிலில் சைக்கிள் வீரர்கள் மலையேறுவதை நள்ளிரவில் பார்ப்பது தனி சுகம். கிரிக்கெட்டில் ஒரே பந்தில் ஆட்டம் மாறிவிடும். இதில் மணிக்கணக்காக ஒவ்வொருவராகப் பின்தங்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவரின் முகத்தைப் பார்த்தாலே முழுக் கதையும் தெரிந்துவிடும்.

அந்த முகத்துக்கு மதிப்பு உண்டு என்பது டிவிக்காரர்களுக்கும் தெரியும். 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் விழுந்தார். காத்லீன் மக்கார்ட்னி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். 29 விநாடி கழித்து மாஸ் தவழ்ந்தே வந்து கோட்டைத் தொட்டார். ஏபிசி தொலைக்காட்சி அதைக் காட்டிய பிறகு அந்தப் போட்டியின் புகழ் எங்கேயோ போய்விட்டது. ஜெயித்தவர் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு டிவியை மட்டும் குறை சொல்ல முடியாது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள் என்பதால் தங்கம் பறிபோனது. ஆனால் மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா அவரைக் கூப்பிட்டு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். விழுந்து எழுபவர் மேல் நமக்கு இருக்கும் பிரியம் டிவியைவிடப் பழையது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு ஒருநாள் அந்த 1984 வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அம்மா கைதட்டவில்லை.

"ஏன்டா, அத்தனை பேரு சுத்தி நிக்கறாங்க, ஒருத்தராவது போய்ப் பிடிக்கக் கூடாதா?"

"தொட்டா டிஸ்குவாலிஃபை ஆயிடும்மா."

"ஆகட்டுமே. உயிரைவிட அதுவா பெருசு?"

அம்மா கேட்ட கேள்விக்கு இன்றைய தடகள விதியில் பதில் இருக்கிறது. போட்டியின் மருத்துவக் குழு தொட்டுப் பரிசோதித்தால் அது 'உதவி' என்று கணக்கில் வராது, தகுதியும் போகாது. அதோடு, மருத்துவர் நிறுத்தச் சொன்னால் வீரர் உடனே விலகியாக வேண்டும். அன்றைக்கும் அங்கே நின்ற மருத்துவர்கள் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்கள். வியர்க்கிறது என்றால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் விட்டார்கள். அவரும் விரைவில் தேறிவிட்டார். இருந்தாலும் அது கண்ணால் பார்த்துப் போட்ட கணக்குத்தான்.

நம் ஒற்றைக்கால் பாசம்

சகிப்புத்தன்மை என்றால் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனி மரியாதை. ஒற்றைக்காலில் தவம், பாதயாத்திரை, அலகுக் காவடி என்று உடம்பை வருத்துவதை உயர்வாகப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனந்தன் அந்த மரபின் பிள்ளை என்றே சொல்லலாம். 33 மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார். 1979-இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். 1971-இல் பாக்கு நீரிணையைப் போக, வர என்று 51 மணி நேரத்தில் நீந்தினார். அவருக்கு முன்பே, 1954-இல், தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி அதே நீரிணையை நீந்திக் கடந்திருந்தார். அந்தக் கரையில் கடல் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் மாதிரி.

இவர்களைக் கொண்டாட வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொண்டாடும்போது 'கடைசி மூச்சு வரை விடாதவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். கால்வாய் நீச்சலில் கூடவே ஒரு படகு போகும், அதில் பார்வையாளர் இருப்பார். தொட்டால் முயற்சி முடிந்தது. ஆகஸ்ட் மாதத்தில்கூடத் தண்ணீர் 16, 18 டிகிரி செல்சியஸ்தான். அப்படிப்பட்ட இடத்தில் எப்போது கை நீட்டுவது என்று முடிவெடுப்பது நீந்துவதைப் போலவே கஷ்டமான வேலை.

பழுதான சர்வர் சொல்லும் 'ஓகே'

நான் வேலை பார்ப்பது ஐடியில். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் நன்றாக இருக்கிறதா என்று அந்த சர்வரை மட்டும் கேட்டு முடிவு செய்ய மாட்டோம். வெளியிலிருந்து இன்னொன்று அதைக் கண்காணிக்கும். காரணம் எளிது. பழுதான பிறகும் அது 'ஓகே' என்றே பதில் சொல்லலாம்.

மனித உடம்பும் அப்படித்தான். ஓட்டத்தில் உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது வரும் வெப்பத் தாக்கு மூளையைக் குழப்புகிறது. "ஆர் யூ ஓகே?" என்று கேட்டால் "ஐ'ம் ஃபைன்" என்று பதில் வரும். அந்த பதிலை நம்பக் கூடாது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விப்பதுதான் முதல் சிகிச்சை. குளிர்வித்த பிறகே ஆம்புலன்ஸ்.

'அப்போ நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமே' என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1997-இல் இதே ஆக்லாந்தில் நடந்த அயர்ன்மேன் போட்டியை முடித்த 330 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். 18 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. தேவைக்கு மேல் தண்ணீர் குடிப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். சோடியம் ரொம்ப இறங்கினால் மூளை வீங்கி உயிரே போகலாம். அடுத்த வருடம் தண்ணீர் கொடுக்கும் இடங்களைக் குறைத்தார்கள், அளவாகக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானிலும் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு இதே குறை இருந்தது. தாகத்துக்குக் குடி, போட்டி போட்டுக்கொண்டு குடிக்காதே என்பது இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற அறிவுரை. அதில் நம்ம ஆக்லாந்துக்கும் பங்கு உண்டு.

குதிரைக்கு இருக்கிற பாதுகாப்பு

எல்லர்ஸ்லி என்றாலே ஆக்லாந்துக்காரர்களுக்குக் குதிரைப் பந்தயம்தான் ஞாபகம் வரும். குதிரைகளுக்கும் 160 கிலோமீட்டர் வரை நீண்ட தூரப் போட்டிகள் உண்டு. அதில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் பரிசோதிப்பார். குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு இறங்கவில்லை என்றாலோ, நடையில் கோளாறு தெரிந்தாலோ, குதிரை வெளியே. ஓட்டுபவர் கெஞ்சினாலும் நடக்காது. குதிரைக்குப் பேச வராது என்பதால் வந்த ஏற்பாடு. மனிதனுக்குப் பேச வரும் என்பதாலேயே சில சமயம் அவனைக் கைவிட்டுவிடுகிறோம்.

2019-இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தியும் வெக்கை விடவில்லை. 68 பேர் கிளம்பி 28 பேர் பாதியில் விலகினார்கள். சக்கர நாற்காலிகளில் அவர்களைக் கொண்டுபோன காட்சி டிவியில் வந்த சில வாரங்களில், டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைக் குளிர்ச்சியான சப்போரோவுக்கு மாற்றினார்கள். டிவியால் நல்லதும் நடக்கும் என்பதற்கு இது உதாரணம். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் பனிக்காற்றும் அடித்தன. 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். ஆறு பேரைக் காப்பாற்றியது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

நாம் என்ன செய்யலாம்?

டிவியை அணைக்கச் சொல்லவில்லை. நானும் அணைக்கப் போவதில்லை. பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். பாதியில் விலகுகிறவரை வர்ணனையாளர் இரண்டு வார்த்தையில் தாண்டிப் போவார். அங்கே நாம் கைதட்டலாம். பிள்ளைகளிடம் "பார், சரியான நேரத்தில் நிறுத்திட்டார்" என்று சொல்லலாம்.

இது நம் வீட்டு விஷயமும்கூட. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறார்கள். நம்மில் பலர் நாற்பதை நெருங்கும்போது மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறோம். பெயர் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வழியில் மருத்துவக் குழு எங்கெங்கே நிற்கும்? வெப்பத் தாக்கு வந்தால் அங்கேயே குளிர்விக்க வசதி உண்டா? ஓடுபவரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பிள்ளை ஓடும்போது ஓரத்தில் நின்று "நிக்காதே, ஓடு ஓடு" என்று கத்துகிற நாமும், அவன் முகம் வெளுத்துக் கால் பின்னினால், "போதும் கண்ணா, வா" என்று கை நீட்டத் தயாராக இருக்க வேண்டும்.