கெப் வாங்க முன் ஒரு கொப்பி வாங்குங்கள்

சில வாரங்களுக்கு முன்னர் எனது சகோதரியின் மகன் கடைக்கு வந்தான். ஹெம்மாத்தகமையில் சிறியதாக ஒரு ஹாட்வெயார் கடை போட்டு மூன்று வருடமாகிறது. வியாபாரம் பரவாயில்லை. கையிலிருந்த தொலைபேசியில் வெள்ளை நிற டபள் கெப் ஒன்றின் படத்தைக் காட்டினான். "மாமா, முற்பணம் ரெடி. லீசிங்கும் பேசிட்டேன். நீங்க ஒருக்கா வந்து வண்டியப் பாத்தாப் போதும்" என்றான்.

நான் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "போன மாசம் எத்தன தரம் லொறி புடிச்ச? எவ்வளவு கூலி குடுத்த?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்பது சதக் கணக்கு வரை தெரிந்திருந்தது.

அவனிடம் அன்று சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். இதே தவறை 2014 இல் நானும் செய்தவன்தான். மாவனல்லையில் கடை வைத்திருந்த எனக்கு அப்போது ஒரு டபள் கெப் மீது ஆசை வந்தது. சாமானும் ஏற்றலாம், வெள்ளிக்கிழமை குடும்பத்தையும் ஏற்றலாம், கொழும்பு பழைய சோனகத் தெருவில் மொத்த வியாபாரிகளின் முன்னால் போய் இறங்கினால் கொஞ்சம் மதிப்பாகவும் இருக்கும். இந்த மூன்றாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையில் அதுதான் முதலாவது காரணம்.

வண்டி வந்த முதல் வாரமே பிரச்சினை தொடங்கியது. டபள் கெப்பின் பின் தட்டு ஏறத்தாழ 5 அடி நீளந்தான். நாம் விற்கும் பிளைவூட் பலகை 8 அடிக்கு 4 அடி. குழாய்கள் 20 அடி. கூரைத் தகடுகள் 8, 10, 12 அடி. தட்டின் கதவைத் திறந்து வைத்து, கயிறு போட்டு, சிவப்புத் துணி கட்டி எத்தனை நாள் ஓட முடியும்? நீளமான சாமான்களுக்கு மறுபடியும் வெளியே லொறி பிடித்தேன். தவணையும் கட்டினேன், லொறிக் கூலியும் கொடுத்தேன்.

இரண்டாவது பிரச்சினை பாரம். வியாபாரிகளில் அநேகமானோர் "கெப் என்றால் ஒரு தொன் ஏற்றலாம்" என்றே நம்பியிருக்கிறார்கள். கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு வண்டியின் மொத்த நிறை 2,800 கிலோ, வெற்று நிறை 1,850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 950 கிலோ. இந்த 950 இல் சாமான் மட்டுமல்ல, சாரதியும் உள்ளே இருப்பவர்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு 70 கிலோ வீதம் 350 போய்விடும். மீதி 600 கிலோ, அதாவது 12 மூடை சீமெந்து. அவ்வளவுதான். 2005 இல் இந்தியாவில் வெளிவந்து, நம் நாட்டில் "பட்டா" என்று பெயரெடுத்த டாடா ஏஸ் வண்டியின் ஆரம்ப மொடலுக்கே 750 கிலோ, அதாவது 15 மூடை ஏற்றலாம் என்றுதான் நிறுவனம் சொன்னது. ஐந்து பேரோடு போகும் டபள் கெப், பாரத்தில் பட்டாவிடம் தோற்றுப்போகிறது.

இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாக இரண்டு தகடு போட்டேன். வண்டி பின்னால் தாழவில்லை. எனக்கும் துணிவு வந்துவிட்டது. ஸ்பிரிங் தகடு கூட்டினால் வண்டி தாழாது என்பது மட்டுமே உண்மை. பிரேக் பழைய பிரேக்தான். செஸி பழைய செஸிதான். அச்சும் பழையதுதான்.

2016 ஐப்பசி மழையில் 22 மூடை சீமெந்துடன் என் தம்பியின் மகன் ஹெம்மாத்தகம வழியாகக் கம்பளைக்குப் போனான். ஏற்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இறக்கத்தில்தான், தொடர்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறி, ஒரு வளைவில் மிதி வெறுமனே கீழே போயிருக்கிறது. பிள்ளை புத்தியாகக் கியரைக் குறைத்து, வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்க மண்மேட்டில் சாத்திவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதமில்லை. கராஜில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான், ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் பின் தட்டுக்கும் நடுவில் செஸியில் வெடிப்பு இருந்தது தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு பழைய வெல்டிங். அது எனக்கு முன்னைய சொந்தக்காரரின் காலத்தில் நடந்தது. விற்றவர் கரிய தார்ப் பூச்சு அடித்து மறைத்திருந்தார்.

ஆகவே வண்டி பார்க்கப் போக முன்னர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்று மாதத்துக்குச் சாமான் ஏற்றிய ஒவ்வொரு பயணத்தையும் எழுதுங்கள். என்ன சாமான், எத்தனை கிலோ, மிக நீளமான பொருள் எத்தனை அடி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், கூலி எவ்வளவு. நோன்பு காலம், பெருநாள் என்று வியாபாரம் ஏறி இறங்கும் மாதங்களை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் மிகப் பெரிய பாரத்தைப் பார்க்க வேண்டாம். பத்தில் எட்டுத் தடவை எவ்வளவு பாரம் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பாரத்துக்குத்தான் வண்டி வாங்க வேண்டும். வருடத்தில் நாலைந்து முறை வரும் பெரிய பாரத்துக்கு லொறி பிடிப்பதே இலாபம்.

கொப்பி தரும் விடை ஊருக்கு ஊர் வேறுபடும். நகரத்துக்குள் 20, 30 கிலோமீற்றர் ஓடி, கடை கடையாக பிஸ்கட், சவர்க்காரம் போடுபவருக்குப் பட்டா ரகம் போதும். ஆரம்ப மொடலின் என்ஜின் 702 சீசீ, 16 குதிரை வலு மாத்திரமே. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரத்தோடு அது படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மலைநாட்டில் தினமும் ஓடுபவர் சிங்கிள் கெப்பைப் பார்க்கலாம். தட்டு 7 அடிக்கு மேல் வரும். ஆட்களுக்கான பாரமும் மிச்சம். ஒரு தொன்னுக்கு மேல் வழமையாகப் போகிறதென்றால் கெப்பை மறந்துவிட்டு எல்ப், கென்டர் போன்ற லொறி ரகத்துக்குப் போவதே சரி. கல்முனை, காத்தான்குடி, கற்பிட்டிப் பக்கம் மீன் ஏற்றும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் தட்டை மட்டுமல்ல, கீழேயுள்ள செஸியையும் பிரேக் குழாய்களையும் தின்றுவிடும். மீன் ஏற்றிய வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் மற்றவர்கள் இரண்டு தடவை யோசிக்கவும்.

டபள் கெப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்காரர்கள் நால்வரையும் ஆயுதங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும் கொந்தராத்துக்காரருக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. சாமான் ஏற்றுவதே தொழிலாக உள்ளவருக்குத்தான் அது பொருந்தாது.

நாலு சில்லு இழுவை, அதாவது போர் வீல், தேவையா என்று பலர் கேட்பதுண்டு. வயல், மணல், தோட்டத்து மண் பாதை என்றால் தேவை. தார் வீதி எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தேவையில்லை. கெப்களில் பெரும்பாலும் இருக்கும் போர் வீல் முறையைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓட்டவே கூடாது; வளைவுகளில் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்துக் கியர்பெட்டிக்குக் கேடு வரும். பாவிக்காத ஒரு வசதிக்காக அதிக விலையும், அதிக நிறையும், அதிக டீசலும் கொடுக்க வேண்டாம். டீசல் என்றதும் 2022 ஜூனில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது நினைவுக்கு வருகிறது. என் பழைய டபள் கெப் மலைப்பாதையில் லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்கு மேல் போனதே இல்லை. மாதம் 1,800 கிலோமீற்றர் ஓடினால் 200 லீற்றர். அந்த விலைக்கு 92,000 ரூபா. நல்லவேளை, அதற்கு முன்பே அதை விற்றிருந்தேன்.

இனி, பாவித்த வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கும் வரை ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. எனவே சந்தையில் நிற்கும் பழைய கெப்கள் பல, வயதுக்கு மேலாக உழைத்தவை. "ஜப்பான் வண்டி" என்று சொல்லி விலை கூட்டுவார்கள். பெயர் ஜப்பான்தான், ஆனால் நம் நாட்டில் ஓடும் ஹைலக்ஸ், டிமெக்ஸ், எல் 200 ஆகியவற்றில் பெரும்பகுதி தாய்லாந்தில் செய்யப்பட்டவை. அதில் குறை ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வண்டியைக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் வரும்போது ஏற்கனவே சூடாக இருந்தால், "நாளைக்கு வாறேன், ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும் விற்பவரைவிட உண்மை பேசும். அடுத்து கீழே படுத்துப் பாருங்கள். உடுப்பு அழுக்காகுமே என்று பார்த்ததால்தான் நான் ஏமாந்தேன். செஸியில் புதிதாகக் கரிய பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்பிரிங் தகடுகளை எண்ணுங்கள். கம்பனி போட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வண்டி அதிக பாரம் சுமந்த வண்டி. பின் தட்டில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் தூக்கிப் பாருங்கள். மீற்றரில் 90,000 கிலோமீற்றர் காட்டி, கிளச் மிதியின் இறப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீற்றர் பொய் சொல்கிறது. டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அது அறுந்தால் என்ஜினே போய்விடும். கொமன் ரெயில் டீசல் என்ஜின்களில் இன்ஜெக்டர் செலவு பெரிது. பஞ்சிகாவத்தையில் விலை விசாரித்துவிட்டே வண்டி விலை பேசப் போங்கள். முக்கியமாக, உங்களுடைய மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் விற்பவருடைய மெக்கானிக்.

பத்திர விடயத்தில் முகத்தாட்சண்யம் பார்க்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், அது நீக்கப்படும் வரை பணத்தை முழுவதும் கொடுக்காதீர்கள். "ஓப்பன் பேப்பரில் ஓடலாம், பிறகு மாத்துவோம்" என்பது சொந்தக்காரர் சொன்னாலும் மச்சான் சொன்னாலும் வேண்டாம். வண்டி எந்த ரகத்தில் பதியப்பட்டிருக்கிறது, லொறியா, இரட்டைப் பாவனை வாகனமா என்பதையும் பாருங்கள். 2022 இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிட ஆரம்பித்தபோது வாரத்துக்கு வேனுக்கு 20 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர் என்று கொடுத்தார்கள். புத்தகத்திலுள்ள அந்த ஒரு சொல்லின் பெறுமதி பலருக்கு அன்றுதான் விளங்கியது. காப்புறுதி எடுக்கும்போது சொந்தச் சாமானுக்கா, கூலிக்கு ஓடவா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு அயல் கடைக்காரரின் சாமானைக் கூலிக்கு ஏற்றும்போது விபத்து நடந்தால் நட்டஈடு கிடைப்பது கஷ்டம்.

பணம் திரட்டும் வழியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வட்டியைத் தவிர்த்து இஜாரா, முராபஹா முறைகளில் எடுப்பவர்கள் பெயரைப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இஜாராவில் வண்டியின் சொந்தக்காரர் நிறுவனம். அப்படியானால் காப்புறுதியையும் பெரிய திருத்த வேலைகளையும் யார் பொறுப்பேற்பது? வண்டி முற்றாக அழிந்தால் வாடகை நிற்குமா? தவணை பிந்தினால் என்ன நடக்கும்? எழுத்தில் கேளுங்கள். எந்த முறையானாலும் மாதத் தவணையையும், டீசலையும், சாரதிச் சம்பளத்தையும், டயருக்கென்று ஒதுக்கும் தொகையையும் கூட்டி, கொப்பியிலுள்ள லொறிக் கூலிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மருமகனின் கொப்பியில் இப்போது ஏழு வாரம் எழுதப்பட்டிருக்கிறது. போன வெள்ளி கொண்டுவந்து காட்டினான். வாரத்துக்கு இரண்டு பயணம், மூன்று பயணம். பெரும்பாலும் 700 கிலோவுக்குள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் 10 அடிக்கு நீளமான ஏதாவது ஒன்று. கூட்டிப் பார்த்த லொறிக் கூலி, அந்த வெள்ளை டபள் கெப்பின் தவணையில் அரைவாசிகூட இல்லை. விற்பவர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாராம். "என்ன சொன்ன?" என்று கேட்டேன். "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு என்டு சொன்னேன் மாமா" என்றான்.