ஒப்புவித்தல்

தமிழ்ப் பள்ளிகளிற் பயின்றோர் யாவர்க்கும் ‘ஒப்புவித்தல்’ என்னும் சொல் பழக்கமானதே. ஆசிரியர் கொடுத்த பாடத்தை மனத்திற் பதித்து, அவர்முன் நின்று, பிழையின்றித் திருப்பிச் சொல்வதற்கு அப்பெயர் வழங்குகிறது. ஒரு பொருளை உரியவரிடம் சேர்ப்பிப்பதற்கும் அச்சொல்லே. திருச்சபையில் அது மூன்றாவதோர் பொருளையும் பெற்றது. அஃதாவது, தன் சித்தத்தைத் தேவசித்தத்தின் கையிற் கொடுத்துவிடுதல். ஞாயிறுதோறும் ஜெபங்களில் இச்சொல்லைக் கேட்கிறோம், நாமும் சொல்லுகிறோம். சொல்லும்போது எதனைக் கொடுக்கிறோம், எதனை நம்மிடமே வைத்துக்கொள்ளுகிறோம் என்று ஆராய்வோர் சிலரே. அங்ஙனம் ஆராய வேண்டிய நெருக்கடி எங்கள் வீட்டில் நேர்ந்தமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் வாலாஜாபாத். (இராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வாலாஜாப்பேட்டை வேறு. இரண்டும் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் வழங்குவன ஆதலின், எங்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் சில அவ்வூருக்கு யாத்திரை போய் வருவதுண்டு.) முன்னொரு காலத்தில் கும்பினிப் படை தங்கியிருந்த ஊர், இக்காலத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்துகள் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஊர். என் தமையனார் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர். அவரது ஊதியத்தைக் கொண்டே யான் இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயின்று வந்தேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்று அவரையும் அவரோடு வேறு பலரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டனர். ஆறுதல் கூற வந்த சபை மூப்பர் ஒருவர், “தம்பி, எல்லாம் கர்த்தருடைய சித்தம். ஒப்புக்கொடுத்துவிடப்பா” என்றார். தமையனார் மரியாதை குறையாமல், “ஐயா, இது கம்பெனிக்காரருடைய சித்தம். இதைக் கர்த்தர் தலையில் ஏற்றாதீர்கள்” என்றார். மூப்பர் முகம் வாடிற்று. அன்னையார் காப்பி கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றினார். அவ்விரு வாக்கியங்களும் என் உள்ளத்தில் இன்றுவரை வழக்காடிக்கொண்டே இருக்கின்றன.

நிகழ்வனவெல்லாம் ஒரு பெருவிசையின்வழி நிகழ்கின்றன, அதனோடு போராடுதல் வீண் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 192ஆம் பாட்டிற் கணியன் பூங்குன்றனார் உயிரினைப் பேரியாற்று நீரோடு செல்லும் தெப்பத்துக்கு ஒப்பிட்டார். அக்காட்சியால் அவர் எய்திய சமநிலை பெரிது. அதனைக் குறைகூற யான் யார்? ஆயினும் ஆற்றுக்குத் தெப்பத்தின்மேல் அன்பில்லை. தெப்பத்துக்கு ஆற்றோடு உரையாடல் இல்லை. கிறிஸ்தவன் ஒப்புக்கொடுப்பதோ ஒரு விசைக்கன்று, ஒரு தந்தைக்கு. தந்தையிடம் பேசலாம், கெஞ்சலாம், மறுத்தும் சொல்லலாம்.

கெத்செமனேத் தோட்டத்தில் நிகழ்ந்ததனை நோக்குக. நம் ஆண்டவர் முழந்தாளிட்டவுடனே, ‘உம் சித்தப்படி ஆகட்டும்’ என்று தொடங்கினாரல்லர். அப்பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்பதே அவரது முதல் விண்ணப்பம். மும்முறை ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். தம் விருப்பம் இன்னதென்று வெளிப்படச் சொன்ன பின்னரே அதனைப் பிதாவின் கையில் வைத்தார். விருப்பமே இல்லாதவனிடம் ஒப்புவித்தற்கு யாது உளது? வெறுங்கையை நீட்டுதல் கொடையாகாது. பின்னும் ஒன்று காண்க: ஜெபம் முடிந்ததும் அவர் அங்கேயே அமர்ந்திருந்தாரல்லர், உறங்கிய சீஷரை எழுப்பிக்கொண்டு, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே நடந்தார்.

இவ்வுண்மையை நம் நாட்டு வாழ்க்கையொன்றிற் காணவேண்டுமாயின், எங்கள் ஊரிலிருந்து பாலாற்றை எதிர்த்து மேற்கே செல்ல வேண்டும். காஞ்சிபுரம் கடந்து சென்றால் இராணிப்பேட்டை. அங்கேதான் 1870ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இலேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனெரி. தந்தையாரும் மருத்துவர், ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்தவர். இக்குடும்பத்தில் ஊழியம் என்பது குலத்தொழில்போல் ஆகிவிட்டிருந்தது. ஐடாவோ அக்குலத்தொழில் தமக்கு வேண்டாம் என்றிருந்தார். 1876 முதல் 1878 வரை இந்நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைக் குழந்தைக் கண்களாற் கண்டவர் அவர். அமெரிக்காவிற் கல்வி கற்று அங்கேயே வாழ்வதென்று உறுதிசெய்துகொண்டார். அன்னையார் நோயுற்றமையால் திண்டிவனத்துக்கு வந்ததும் சிறிது காலத்துக்கே. திரும்பிப் போவதாகவே எண்ணம்.

அங்கே ஓரிரவு நிகழ்ந்தது பலரும் அறிந்த வரலாறாதலின் சுருக்கிச் சொல்லுகிறேன். பிராமணர் ஒருவர், முகம்மதியர் ஒருவர், வேறோர் இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து கதவைத் தட்டினர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தந்தையாரை அழைத்துச் செல்லுமாறும் சொன்னார். அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிரைப் பார்த்தல் கூடாதென்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடியலிற் சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் மாண்டனர். அன்றே ஐடா, தாம் மருத்துவம் கற்று இங்கேயே திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் கூறினார்.

இவ்வரலாற்றைப் பிரசங்கிகள் சிலர் சொல்லும் முறை என் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஐடாவை அழைக்கும்பொருட்டே தேவன் அம்மூவரையும் எடுத்துக்கொண்டார் என்பர். ஒருத்திக்கு வழிகாட்ட மூவரைக் கொல்லும் தேவனை நான் வேதத்திற் காணவில்லை. அப்பெண்களைக் கொன்றது பிரசவத்தின் சிக்கலும், பெண்களுக்கு மருத்துவம் பார்க்கப் பெண்கள் இல்லாமையும், மனிதர் வகுத்த வழக்கமுமாம். தேவசித்தம் அச்சாவுகளில் இருந்ததென்று சொல்லமாட்டேன். அச்சாவுகளைப் பொறுக்கமாட்டாத அந்நெஞ்சில் இருந்ததென்பேன். என் தமையனார் மூப்பருக்குக் கூறிய மறுமொழியும் இதுவே என்று பின்னர்த் தெளிந்தேன். வானத்திலிருந்து குரல் எதுவும் அன்று திண்டிவனத்திற் கேட்கவில்லை. கதவைத் தட்டிய மூவரில் எவரும் ஊழியத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒரு மருத்துவச்சியை.

ஒப்புக்கொடுத்தவர்க்கு அதன்பின் உழைப்புக் குறைந்ததோ? நியூயார்க்கிற் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இற் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் இந்தியா வந்தார். தந்தையாரிடம் தொழில் பழகலாம் என்பது அவரது எண்ணம். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். தேவனை நம்பிக் கைவிட்ட திட்டத்துக்கு ஈடாக ஏற்ற புதுத்திட்டமும் இங்ஙனம் முறிந்தது. 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1909இற் செவிலியர் பள்ளி. 1918இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இவற்றை எழுதுதற்கு ஒரு வரி போதும். கட்டுதற்கு ஓர் ஆயுள் சென்றது.

எனினும் திண்டிவனத்தினும் அவரது முதுமையிலே நேர்ந்த சோதனையே என்னை மிகவும் ஈர்க்கிறது. அதனை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1938இல் சென்னை அரசாங்கம், மருத்துவப் பள்ளிகள் யாவும் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயரவேண்டும் என்று விதித்தது. பெரும்பொருளும் பேராசிரியரும் வேண்டும், இல்லையேல் மூடவேண்டும். 1941இல், எழுபது வயதில், அம்மையார் பொருள் தேடி அமெரிக்கா சென்றார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டாற் பல மிஷன்கள் ஒன்றுகூடித் தாங்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்காக, பெண்களின் காணிக்கையால், பெண்கள் நடத்திய நிறுவனம் அது! அவருடன் நெடுங்காலம் பாடுபட்ட லூசி பீபாடி அம்மையார் அதனை வன்மையாய் எதிர்த்தார். அவ்வெதிர்ப்பில் நியாயமும் உண்டு. பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி என்பது ஐடாவுக்கு வெறும் விருப்பமன்று. தேவன் தந்த கட்டளை என்றே அதுவரை நம்பியிருந்தது. அதனையும் விட்டார். 1947இல் ஆண் மாணவர் அக்கல்லூரியிற் சேர்ந்தனர்.

இளமையில் அவர் விட்டது தம் சுகத்தை. முதுமையில் விட்டது தம் ஊழியத்தின் உருவத்தை. பின்னையதே கடினம் என்று தோன்றுகிறது. தீயதை விடுதல் எல்லாரும் ஒப்பும் செயல். நல்லதை, அதுவும் தேவன் பெயராற் பிடித்துக்கொண்டிருந்ததை, விடுதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அம்மையார் 1960இற் கோடைக்கானலில் மறைந்தார். அதற்கு முன்பே தாம் கனவு கண்டிராத அளவில் வேலூர் வளர்ந்ததைக் கண்டார். வளராமற் போயிருந்தாலும் அவர் விட்டது தவறாயிராது என்றே நினைக்கிறேன். இதில் என்னோடு மாறுபடும் நண்பர்கள் விடுதியில் இருக்கின்றனர். இரவு பன்னிரண்டு மணிவரை வாதிட்டும் முடியவில்லை.

இனி என் கதை. தந்தையார் என்னைத் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்க்க விரும்பினார், யான் தமிழ் வேண்டுமென்று ஜெபித்தேன், கிடைத்தது. கிடைத்ததனால் அது தேவசித்தம் என்று அந்நாளிற் சாட்சியும் சொன்னேன். அது என் விருப்பமாக மட்டும் இருந்திருக்கலாம் என்பதனைத் தமையனார் வேலையிழந்த இரவிலேதான் முதன்முதலாக எண்ணினேன். படிப்பை விட்டு ஒரகடத்துக்கு வருகிறேன் என்றேன். அவர், “உன்னை நான் கேட்டேனா? பரீட்சைக்குப் படி” என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் எழுந்து ஜெபம்பண்ணிவிட்டு, சான்றிதழ்களை உறையிலிட்டு, முதற் பேருந்தில் புறப்பட்டார். மூன்று வாரம் அவ்வாறே சென்று வந்தார். இப்போது வேறொரு தொழிற்சாலையில், முன்னையினும் குறைந்த ஊதியத்தில், இரவு வேலை பார்க்கிறார்.

யான் படிப்பைத் தொடர்வது நம்பிக்கையா, தன்னலமா? இவ்வினாவை நாள்தோறும் ஜெபத்தில் வைக்கிறேன். விடை இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் எங்கள் தெருப் பிள்ளைகள் எண்மருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அவர்களே வந்து கதவைத் தட்டினார்கள். அடுத்த பருவத்தின் கட்டணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.