ஏழாம் பெடலை மிதித்தால் ஹம்ஸத்வனி, தெரியுமா?

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து கன்ட்ரி இசைக்காரர்கள் வாசிக்கிற வாத்தியம் பெடல் ஸ்டீல் கித்தார். அதில் ஏழாம் பெடலை மிதித்தபடி, அடுத்தடுத்து இருக்கும் ஐந்து தந்திகளைக் கீழிருந்து மேலாக மீட்டினால் என்ன கேட்கும் தெரியுமா? ச, க, ப, நி, மேல் ரி! அத்தனையும் ஹம்ஸத்வனியின் சுரங்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மேஜர் 9’ கார்டு. ஹம்ஸத்வனியை உண்டாக்கியவர் என்று நம் சங்கீத உலகம் சொல்வது ராமஸ்வாமி தீட்சிதரை. அவருடைய மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் நம் அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரையில், கல்லிடைக்குறிச்சிப் பெருமாள்மேல் பாடிய ஒரு கீர்த்தனையும் இதே வாத்தியத்தில் இன்னொரு கார்டாக உட்கார்ந்திருக்கிறது. அது கடைசியில் வருகிறது. அதற்குள் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது!

முதலில் வாத்தியம். கித்தாரைப் படுக்கப்போட்டு, தந்திமேல் இரும்புத் துண்டை வைத்து இழுத்து வாசிக்கும் வழியைப் பரப்பியவர் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த ஓசை பித்தாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் நேரான இரும்புத் துண்டுக்கு ஒரு குறை உண்டு. எல்லாத் தந்தியையும் ஒரே அளவுதான் ஏற்றும், இறக்கும். ஒரு தந்தி மட்டும் நகரவேண்டும், மற்றவை நிற்கவேண்டும் என்றால் துண்டைச் சாய்த்துப் பிடித்துப் படாதபாடு படவேண்டும். அதற்குத்தான் பெடல் வந்தது. காலால் மிதித்தால் அடியில் இருக்கும் கம்பிகள் இழுத்து, குறிப்பிட்ட தந்தியின் சுருதியை மட்டும் ஏற்றும் அல்லது இறக்கும். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஒரு சுரம் இன்னொன்றாக வழுக்கிப் போவதை ரசிகர்களுக்குக் கேட்கவைத்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளிவந்த ‘ஸ்லோலி’ பாட்டில் அதைக் கேட்கலாம். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். மற்ற ஸ்டீல் கலைஞர்கள் அவசர அவசரமாகத் தங்கள் வாத்தியத்திலும் பெடல் மாட்டிக்கொண்டார்கள்.

வாசிப்பவரின் உடம்பில் சும்மா இருக்கும் உறுப்பே கிடையாது தெரியுமா? இடது கை இரும்புத் துண்டைப் பிடிக்கிறது, வலது கை மீட்டுகிறது. இடது கால் பெடல்களில், வலது கால் ஒலியளவுப் பெடலில். போதாக்குறைக்கு இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டு நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. பெரிய மாதிரிகளில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துத் தந்தி. ஒன்றின் சுருதிக்கூட்டு ஈ9, மற்றதன் கூட்டு சி6. முதல் மூன்று பெடல்கள் ஈ9க்கு, நான்கிலிருந்து எட்டு வரை சி6க்கு என்பது பரவலான அமைப்பு. தந்தி எண்ணிக்கை வாசிப்பவருக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குகிறது. பத்தாம் தந்திதான் அவருக்குப் பக்கத்தில்.

இனி நீட்டித்த கார்டு. பெயரைக் கேட்டு மிரளவேண்டாம், சரளி வரிசை தெரிந்தால் போதும். ச ரி க ம ப த நி என்பதில் ஒன்றைவிட்டு ஒன்றாக எடுங்கள். ச, க, ப: இது சாதாரணக் கார்டு. அடுத்து நி சேர்த்தால் 7. அதற்கும் மேலே போய் ரியைத் தொட்டால் 9. ரி இரண்டாவது சுரம்தானே, ஒன்பது எங்கிருந்து வந்தது? மேல் ஸ்தாயி ரியைக் கீழ்ச் சட்ஜத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், ஒன்பது! அதே கணக்கில் மேல் ம 11, மேல் த 13. பதினைந்துக்குப் போனால் மறுபடியும் ச. ஏழு சுரமும் அடங்கிவிட்டது, அதனால் 13தான் எல்லை. அதாவது, முழு 13 கார்டு என்பது ஒரு சம்பூர்ண ராகத்தின் சுரங்களை ஒன்றைவிட்டு ஒன்றாக மேலே மேலே அடுக்கியது!

இதை வைத்துக்கொண்டு சி6 வரிசையைப் பார்த்தால்தான் ஆச்சரியம் தலைக்கேறுகிறது. பெடலே மிதிக்காமல் ஒன்பதாம் தந்தியிலிருந்து ஐந்தாம் தந்தி வரை மீட்டினால் எஃப், ஏ, சி, ஈ, ஜி. எஃப்பைச் சட்ஜமாக வைத்தால் அதுவே ச, க, ப, நி, ரி. சும்மா கிடக்கும் தந்திகளிலேயே ஒரு ஹம்ஸத்வனி! நான் தொடக்கத்தில் சொன்னது இரண்டாவது. சியைச் சட்ஜமாக வைத்தால் ஏழாம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்தி வரை ச, க, ப, த, ச. ஏழாம் பெடலை மிதியுங்கள்; தைவதம் நிஷாதமாகிறது, மேல் சட்ஜம் ரிஷபமாகிறது. ச, க, ப, நி, ரி!

இதோடு நிற்கவில்லை. ஏழாம் பெடலை அழுத்தியபடியே ஒன்பதாம் தந்தி முதல் மூன்றாம் தந்தி வரை ஏழையும் மீட்டுங்கள்: எஃப், ஏ, சி, ஈ, ஜி, பி, டி. எஃப் சட்ஜம் என்றால் ச, க, ப, நி, ரி, பிரதி மத்யமம், த. இது கல்யாணி! 65ஆவது மேளம் முழுசாக, ஏழு தந்தியில், இடையில் ஒரு தந்தியைக்கூடத் தாண்டாமல்! வீட்டில் ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் இப்போதே சோதிக்கலாம். இந்த ஏழும் வெள்ளைக் கட்டைகள்தான்.

இப்போது காலை லேசாக நகர்த்தி, பக்கத்திலிருக்கும் ஆறாம் பெடலையும் சேர்த்து மிதியுங்கள். ஆறாம் தந்தி அரைச்சுரம் இறங்கும். காகலி நிஷாதம் போய்க் கைசிகி நிஷாதம் வரும். மற்ற ஆறும் அப்படியே. இது வாசஸ்பதி, 64ஆவது மேளம்! பக்கத்துப் பக்கத்துப் பெடல், பக்கத்துப் பக்கத்து மேளம்! தீட்சிதர் மரபுப்படி இவை சாந்தகல்யாணியும் பூஷாவதியும். ஜாஸ் கலைஞர்கள் இரண்டாவதை ‘லிடியன் டாமினன்ட்’ என்கிறார்கள். இந்தப் பெடல்களை அமைத்தவர்கள் மேளகர்த்தாச் சக்கரத்தைப் பார்த்து அமைக்கவில்லை. தங்களுக்கு வேண்டிய கார்டுகளைத் தேடிப் போனார்கள். போன வழியில் இந்த ஒழுங்கு கிடந்தது. எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு இந்த வாத்தியத்தில் இல்லை.

ஏன் பிரதி மத்யமம்? சங்கராபரணத்தின் சுத்த மத்யமம் காந்தாரத்துக்கு அரைச்சுரம் மட்டுமே மேலே இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் மேல் ஸ்தாயியில் இருந்தாலும் உரசும். பிரதி மத்யமம் ஒரு முழுச்சுரம் தள்ளி நிற்பதால் அந்த உரசல் இல்லை. மேஜர் கார்டை 11 வரை நீட்டும் ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் கல்யாணியின் மத்யமத்தையே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஐந்து சுரம் சேர்ந்து ஒலித்தால் ஹம்ஸத்வனி ராகம் பிறந்துவிடாது. கமகம் வேண்டும், பிடிப்புகள் வேண்டும், எந்தச் சுரத்தில் நிற்பது என்ற நியாயம் வேண்டும். கார்டில் கிடைப்பது ராகத்தின் சுரக்கூட்டம் மட்டுமே. ஆனால் அந்தக் கூட்டத்தைக் காது ஏற்கெனவே அறிந்திருப்பது சாதாரண உதவி இல்லை. ‘மேஜர் 9’ என்ற பெயரை மனப்பாடம் செய்து திணறுகிறவரைவிட, அதில் ஹம்ஸத்வனியைக் கேட்கிற பிள்ளை அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை.

வாசிப்பது எப்படி? இங்கே இன்னொரு விந்தை. இவ்வளவு பெரிய கார்டுகளை வாசிக்கும் வலது கையில் பெரும்பாலும் மூன்றே மீட்டிகள்: கட்டைவிரலில் ஒன்று, அடுத்த இரண்டு விரல்களில் ஒவ்வொன்று! ஏழு சுரத்தையும் வரிசையாக வருடி விடலாம். சேர்த்து ஒலிக்கவேண்டும் என்றால் மூன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எதை விடுவது? முதலில் சட்ஜத்தை! நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் பாஸ் கித்தார்க்காரர் அதைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்துப் பஞ்சமத்தை விடலாம், அது பெரும்பாலும் கார்டின் குணத்தை மாற்றுவதில்லை. விடக்கூடாதவை காந்தாரமும் நிஷாதமும். எந்தக் காந்தாரம், எந்த நிஷாதம் என்பதில்தான் கார்டின் முகமே இருக்கிறது. மூன்றாவது விரலுக்கு ரியோ தவோ, எது நீட்சியோ அது. மூன்று சுரத்தில் 13 வந்துவிட்டது. மீட்டாத தந்திகள் கூட ஒலித்துக் கலங்காமல் உள்ளங்கை விளிம்பால் அடக்கவேண்டும். தொடக்கத்தில் இதுதான் சிரமம், பெடல் இல்லை.

ச இல்லாமல் வாசித்தால் ஒரே கார்டுக்குப் பல பெயர் வரும் என்பது தெரியுமா? சி, ஈ, ஜி, ஏ நான்கையும் சியிலிருந்து பார்த்தால் சி6. ஏயிலிருந்து பார்த்தால் ஏ மைனர் 7. எஃப்பை பாஸ் பிடித்தால் ஹம்ஸத்வனி நிறத்தில் எஃப் மேஜர் 9 ஒலிக்கும், ஏ அதில் காந்தாரமாகிவிடும். தந்தி மாறவில்லை, பெடல் மாறவில்லை, சட்ஜம் மட்டும் மாறியது. கிரகபேதம்! கச்சேரியில் வித்வான் கிரகபேதம் செய்யும்போது கைதட்டுகிற நம் ரசிகருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஈ9 வரிசை என்ன சொல்கிறது? ஈ சட்ஜம் என்றால் பத்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை: ப, நி, ச, ரி, க, ப, ச, க, நி, ரி. இதில் ஒன்பதாம் தந்தியின் நி மட்டும் கைசிகி. அதைத் தொடாவிட்டால் மீதி ஒன்பதும் ஹம்ஸத்வனி! இரண்டாம் தந்தியை விட்டு அதைத் தொட்டால் டாமினன்ட் 9. முதல் இரண்டு தந்திகளையும் இந்தக் கூட்டில் சேர்த்தவர் பட்டி எம்மன்ஸ். கன்ட்ரி இசையில் கொடிகட்டிப் பறந்தவர், 1963இல் ‘ஸ்டீல் கித்தார் ஜாஸ்’ என்று ஒரு முழு இசைத்தட்டே வாசித்துக் காட்டினார். முதல் பெடல் பஞ்சமத்தைத் தைவதமாக்கும், இரண்டாவது காந்தாரத்தைச் சுத்த மத்யமமாக்கும். விடுபட்டிருந்த இரண்டு சுரமும் கிடைத்துவிட்டதால் சங்கராபரணம் நிறைவாகிறது. மூன்றாம் பெடலை மட்டும் மிதித்துப் பத்து, எட்டு, ஏழு, ஆறு, ஐந்தாம் தந்திகளை மீட்டினால் ப, ச, ரி, க, த. மோகனம்! மேற்கத்தியர் கணக்கில் 6/9 கார்டு.

சுருதி சேர்ப்பதிலும் ஒரு செய்தி. கீபோர்டின் காந்தாரத்தைப் பெடல் ஸ்டீல் கலைஞர்கள் பலர் ஏற்பதில்லை. சட்ஜத்தோடு அலையடிக்காமல் ஒட்டும்வரை இறக்குகிறார்கள். அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் சுமார் 14 பங்கு இறக்கம். அது எந்தக் காந்தாரம் தெரியுமா? தம்புராவின் சட்ஜத் தந்தியை மீட்டினால் தானாக எழுந்து கேட்கிறதே, அந்த அந்தர காந்தாரம்! நீட்டித்த கார்டு எத்தனை அடுக்கு உயர்ந்தாலும் இந்த ஒட்டுதல் இருந்தால்தான் கலங்காமல் நிற்கும்.

தந்திமேல் உருளையை இழுத்து வாசிப்பது நமக்கும் புதிதில்லை. கோட்டு வாத்தியம் என்கிற சித்ரவீணை அதுதானே! திருவிடைமருதூர் சகாராமராவ் அதில் பெரும் பெயர் எடுத்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்டார். நம் காலத்தில் சித்ரவீணை ரவிகிரண். பெடல் இல்லை, மெட்டும் இல்லை, கமகம் முழுக்க இடது கையில்.

கார்டின் சுவையும் நம் பக்கத்துக்கு முன்பே எட்டியது. இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களின் பாண்டு இசையைக் கேட்டவர் முத்துஸ்வாமி தீட்சிதர். அந்த மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்யங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமின்றி, ச-க-ப என்று தாவித் தாவிப் போகின்றன. ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுக்குக்கூட அதில் சம்ஸ்கிருத சாகித்யம் உண்டு! அவர் தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து எட்டயபுரம் அரண்மனையில் வாசித்தார். முத்துஸ்வாமி 1835இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான்.

அந்த மரபைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? கல்லிடைக்குறிச்சி! தீட்சிதர் குடும்பத்து அம்பி தீட்சிதரிடம் கற்ற அனந்தகிருஷ்ணய்யர் அங்கே குருகுஹ கான வித்யாலயத்தை நிறுவினார். ஹவாயிலிருந்து வந்த ஸ்டீல் கித்தார் மேதை டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு தங்கி வாசித்ததும் கல்கத்தாவில்தான்.

இப்போது அந்தக் கீர்த்தனை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அங்கே கோயில்கொண்ட லட்சுமிவராகர்மேல் தீட்சிதர் பாடிய ‘ஸ்ரீ லக்ஷ்மீவராஹம்’ ஆபோகி ராகம்: ச, ரி, சாதாரண காந்தாரம், ம, த. ப இல்லை, நி இல்லை. சி6 வரிசையில் ஆறு, ஏழு பெடல்களைச் சேர்த்து மிதித்தோமே, அப்படியே வைத்துக்கொண்டு இந்தமுறை சியைச் சட்ஜமாக எண்ணுங்கள். ஒன்பதாம் தந்தியிலிருந்து: ம, த, ச, க, ப, நி, ரி. நடுவில் ஐந்தாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் விட்டுவிடுங்கள். மீதி ஐந்தும் ஆபோகி! விட்ட இரண்டும் ஆபோகி விலக்கிய அதே ப, நி! எஃப்பிலிருந்து எண்ணினால் இதற்குப் பெயர் எஃப் 13.

மூன்று மீட்டியால் வாசிக்க வழி இதுதான். ஒன்பதாம் தந்தியின் மத்யமத்தை பாஸ் கித்தாருக்கு விடுங்கள், ஏழாம் தந்தியைத் தாண்டுங்கள். கட்டைவிரல் எட்டில், அடுத்த விரல் ஆறில், நடுவிரல் மூன்றில்: த, க, ரி. எஃப் 13இன் காந்தாரம், நிஷாதம், நீட்சி மூன்றும் வந்துவிட்டன. இரும்புத் துண்டை இரண்டு மெட்டு மேலே நகர்த்தினால் இதே ஆபோகி டி சுருதியில் கிடைக்கும், பெடலிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம்.