ஒன்பது மீட்டர் ஆழக் கடல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாளிதழ்களில் தவறாமல் வரும் ஒரு செய்தி உண்டு: ‘பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ உள்ளூர்க்காரர்கள் தவிர மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். ராமேசுவரம், மண்டபம், பாம்பன் கரைகளில் அந்த ஒரு வரிக்கு வேறு எடை. அதோடு பலத்த காற்று எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தராது. டோக்கன் இல்லையென்றால் படகு இறங்காது, ஐஸ் விற்காது, வலைக்கூலி கிடையாது, ஏலக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

கூண்டு என்பது துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றிக் காட்டும் அடையாளம். வானொலி இல்லாத காலத்தில் கப்பல்காரர்களுக்கு வானிலையைச் சொல்லப் பிறந்த ஏற்பாடு. எண் 1 என்றால் தொலைதூரக் கடலில் புயல் உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். 2 என்றால் அங்கே புயல் உருவாகிவிட்டது. 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல் வந்திருப்பதைச் சொல்பவை. 5, 6, 7 ஆகியவை புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்து மாறும். 8, 9, 10 அதே கணக்குதான், ஆனால் புயல் கடுமையானது. 11-ஆம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆக, 1 என்பது கரையில் இருப்பவருக்குச் சின்ன எண். கடலுக்குள் போகிறவருக்கு அப்படி இல்லை. அவர் போகும் திசையில்தான் அந்தப் புயல் திரண்டுகொண்டிருக்கிறது.

பாம்பனுக்கு இருபுறமும் இருப்பது ஒரே கடல் அல்ல. தெற்கே மன்னார் வளைகுடா. கரையை விட்டு விலகி தென்கிழக்கே போகப்போக ஆழம் ஆயிரம் மீட்டரையும் தாண்டும். வடக்கே பாக் விரிகுடா. அதன் சராசரி ஆழம் ஒன்பது மீட்டர்தான். வளர்ந்த தென்னை ஒன்றை அதன் அடித்தரையில் நட்டால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். உள்ளூர் மக்கள் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்வதுண்டு. தனுஷ்கோடிக்குப் போய் இருபக்கமும் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும்: ஒருபக்கம் அலை மோதிக்கொண்டிருக்கும், மறுபக்கம் குளம்போலக் கிடக்கும். ஆனால் இது ஆண்டு முழுவதும் நிலைக்கும் கணக்கல்ல. ஆனி, ஆடியில் தென்மேற்குக் கச்சான் வீசும்போது தென்கடல் சீறும், வடகடல் ஓரளவு ஒதுங்கியிருக்கும். வாடைக்காற்று பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதனால்தான் நாட்டுப்படகுக்காரர்களில் பலர் பருவத்துக்கு ஏற்றபடி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆழம் குறைவு என்றதும் ஆபத்தும் குறைவு என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

‘கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டின’ என்ற செய்தியையே எடுத்துக்கொள்ளலாம். மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் இது அடிக்கடி நடக்கிறது. காலையில் பார்த்தால் கரையோரம் பாசியும் பவளக்கல்லும் வெளியே தெரியும். நங்கூரமிட்டிருந்த படகுகள் சேற்றில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இதைப் பார்க்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும். பெரும்பாலான நேரங்களில் காரணம் காற்றுதான். ஒரே திசையில் விடாமல் வீசும் காற்று மேல்மட்ட நீரைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியாழத்தின் வழியே திரும்பி வந்துவிடும். ஒன்பது மீட்டர் கடலில் அப்படித் திரும்பிவர இடம் போதாது. நீர்ப்பரப்பு முழுவதுமே ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது: காற்று போகும் முனையில் மட்டம் ஏறுகிறது, காற்று புறப்படும் முனையில் இறங்குகிறது. ஆழம் பாதியானால் சாய்வு இரண்டு மடங்காகும். கோடியக்கரைக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்த நீளத்தில் மணிக்கு 50 கி.மீ. காற்று நின்று வீசினால் இரு முனைகளுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் அளவுக்கு மட்ட வேறுபாடு வரும் என்று கணக்குச் சொல்கிறது. சாதாரண ஓதத்தின் ஏற்றஇறக்கமே ஒரு மீட்டரை எட்டாத இந்தக் கடலில், 40 சென்டிமீட்டர் என்பது படகு மிதப்பதற்கும் தரைதட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

காற்று அடங்கினால் தண்ணீர் திரும்பி வரும். அப்போது வரும் நீரோட்டத்தில் சாய்ந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிப் பலகை உடைவதும், புரொப்பெல்லர் சேதமாவதும்தான் படகு உரிமையாளருக்கு உண்மையான இழப்பு.

இதே சாய்வு புயல்காற்றில் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடி காட்டியது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த அந்தப் புயலில் கடல் எழும்பி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலை அதை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி பெயர்ந்து விழுந்தது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டது. தனுஷ்கோடி மீளவில்லை.

புயல் இல்லாத நாளிலும் பாக் விரிகுடாவின் அலைக்குத் தனிக்குணம் உண்டு. ஓர் அலை எவ்வளவு வளரும் என்பதைக் காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையின்றி எவ்வளவு தூரம் நீர்மேல் ஓடி வருகிறது ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இங்கே ஓடுவதற்கான தூரம் குறைவு. ஆகவே அலை மலைபோல் எழாது. ஆனால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நான்கைந்து நொடிதான். நான்கு நொடி அலையின் நீளம் 25 மீட்டருக்குள். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அலைகள் இந்த இடைவெளியில் வந்தால் ஒன்பது மீட்டர் ஃபைபர் படகு ஓர் அலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது படகின் முன்முனையான அணியத்தில் அறைகிறது. அதே ஒன்றரை மீட்டர் அலை ஆழ்கடலில் 14 நொடிக்கு ஒன்றாக வந்தால் அதன் நீளம் 300 மீட்டர். படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், மேலே இருப்பவருக்கு அலை வந்ததே தெரியாது. உயரம் ஒன்றுதான், கடல் வேறு. அலை உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறவர் பாதிச் செய்தியைத்தான் கேட்டிருக்கிறார்.

மேடான இடங்களில் இது இன்னும் மோசமாகும். அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தின் முக்கால் பங்கைத் தாண்டினால் அலை நிலைகுலைந்து உடையும். ஒன்றரை மீட்டர் அலை இரண்டு மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையைச் சுற்றியுள்ள மணல்திட்டுகள் அப்படிப்பட்டவை. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் இருந்தால் அலை சுருங்கிச் செங்குத்தாக நிமிரும். அந்த நேரத்தில் கால்வாயைக் கடக்காமல் காத்திருப்பதுதான் தேர்ந்த டிரைவரின் அடையாளம்.

வானிலை மையத்தின் எச்சரிக்கை வாசகம் எல்லோருக்கும் பழகிப்போனது: ‘மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.’ இதில் எல்லோரும் கவனிப்பது முதல் எண்ணை. கவனிக்க வேண்டியது கடைசி எண். 35-க்கும் 55-க்கும் உள்ள வேறுபாடு காதுக்கு 20 கிலோமீட்டர்தான். படகின் பக்கவாட்டில் விழும் அழுத்தமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த ‘இடையிடையே’ என்ற சொல்லுக்குள்தான் படகைக் கவிழ்க்கும் காற்று ஒளிந்திருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 55 கி.மீ. தொட்டதும் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். பல நூறு டன் எடையுள்ள ரயிலை நிறுத்திவைக்கும் காற்று அது.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பில் வரும் அலை உயரமும் இப்படித்தான். ‘2 மீட்டர்’ என்று சொன்னால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். அப்படியான கடலில் சில மணி நேரம் இருந்தால் மூன்றரை, நான்கு மீட்டர் அலை ஒன்றிரண்டாவது வரும்.

தென்கடலில் இன்னொரு ஆபத்து உண்டு. இதற்கு உள்ளூர்க் காற்றோடு தொடர்பே இல்லை. கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைப்பது இதைத்தான். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு அப்பால் வீசிய புயலில் பிறந்த நீண்ட அலைகள் ஒரு வாரம் போலப் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, கடல் மட்டும் திடீரென்று எழுந்து கரையேறும். 2024 மே மாதத் தொடக்கத்தில் இப்படி அலை வரும் என்று இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த நாள்களில்தான் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ராமர் பாலத்தின் திட்டுகள் மறிப்பதால் இந்த அலைகள் பாக் விரிகுடாவுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. தூத்துக்குடியிலிருந்து குமரி வரையுள்ள கரைக்கு அந்தக் காவல் கிடையாது.

எச்சரிக்கை இருப்பது வேறு, அது படகுக்குப் போய்ச் சேருவது வேறு. 2017-இல் ஒக்கி புயல் இதை நெஞ்சில் அறைந்து சொன்னது. நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள். பல நாள் தங்குதொழிலுக்குப் போயிருந்த படகுகள் அதற்கு முன்பே கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தன. குமரி, திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் அந்தப் புயலில் ஆண்களை இழக்காத ஊர் அபூர்வம்.

அதன் பிறகு சில நல்ல மாற்றங்கள் வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்ற சிறு கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி புளூடூத் மூலம் கைப்பேசித் திரையில் காட்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஆபத்து நேரத்தில் படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப இஸ்ரோ உருவாக்கிய அவசர அழைப்புக் கருவி உண்டு. அதன் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் வந்தது. பொத்தானை அழுத்தியவருக்கு, ‘செய்தி கிடைத்தது’ என்ற பதிலும் இப்போது வந்து சேருகிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஒருவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் படகையும் கடலோரக் காவல்படையையும் ஒருசேர எட்டுவதற்கு வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசைக்கு இன்றும் ஈடில்லை.

கருவிகளுக்கு முன்னால் கைவசம் இருப்பதும் கைகொடுக்கும். எஞ்சின் நின்றுபோன படகு தானாகவே அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும், கவிழ்வது அப்போதுதான். அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கினால் படகு அலையை முகம்கொடுத்து நிற்கும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். பாக் விரிகுடாவில் 60 மீட்டர் கயிறு இருந்தால் போதும். ஆழமில்லாத கடல் தரும் ஒரே சலுகை இது. 1974-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தக் கடலில், நீரோட்டம் படகை அந்தப் பக்கம் இழுத்துப் போகாமல் காப்பதும் அதே நங்கூரம்தான்.

உயிர்காப்புச் சட்டை மட்டும் இன்னும் பல படகுகளில் மூட்டையாகக் கட்டியே கிடக்கிறது. வலை இழுக்கும்போது இடைஞ்சல், வெக்கை என்று சொல்வதில் நியாயம் உண்டு. உடலோடு ஒட்டிய மெல்லிய சட்டைகளை மானிய விலையில் எல்லோருக்கும் கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது. டோக்கன் நிறுத்தப்படும் நாள்களுக்கு ஒரு ஈட்டுத்தொகையும் வேண்டும். பசியோடு இருப்பவரிடம் எச்சரிக்கையை மதிக்கச் சொல்வது பாதி வேலைதான். சுற்றுலாப் படகில் ஏறுகிறவர்களுக்கு வலையும் இல்லை, சாக்கும் இல்லை: சட்டையை மாட்டிக் கொக்கியையும் போட்ட பிறகே படகை எடுக்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர் யாரானாலும் எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் அவர் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.