செய்நிரலைச் செப்பனிடும் கருவியும் நம் மாணாக்கரும்

பழைய ஏட்டுச்சுவடிகளைக் கண்டோர் அறிவர்: மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இராது, வாக்கியம் முடியுமிடத்தைப் படிப்பவரே தேடிக்கொள்ளல் வேண்டும். ஆறுமுகநாவலரும் (1822–1879) சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) அச்சேற்றிய நூல்களைக் கையில் எடுப்போர்க்கு அத்தொல்லை இல்லை. பொருளில் கைவையாது வடிவை ஒழுங்குபடுத்துதல் எத்துணை அரிய பணி என்பதற்கு அவர்தம் பதிப்புக்களே சான்று.

கணினிச் செய்நிரலுக்கு இப்பணியைச் செய்யும் கருவிகள் இன்று உள. க.பொ.த. உயர்தரத்தில் நம் மாணாக்கர் பயிலும் பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். ஒரே கணக்கை இருவர் எழுதினால், ஒருவர் ஒற்றை மேற்கோட்குறி இடுவர். மற்றவர் இரட்டைக்குறி இடுவர். ஒருவர் சமக்குறியின் இருமருங்கும் இடம் விடுவர், மற்றவர் விடார். கணினிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பலர் கூடி ஒரு செய்நிரலை எழுதும்போது இச்சிறு வேறுபாடுகளே பெரும் வழக்காகிவிடும். 2001 ஆம் ஆண்டிலேயே பைத்தானுக்கு எழுத்துநடை வழிகாட்டி ஒன்று வகுக்கப்பட்டது. எனினும், வழிகாட்டியைப் படித்து வாதிடுவோர் இருக்கும்வரை வழக்கு ஓயுமா? 2009 இல் வெளிவந்த கோ மொழி, செப்பனிடும் கருவியையும் உடன்கொண்டே பிறந்தது. பைத்தானுக்கு 2018 இல் லூகாஸ் லங்கா என்பார் 'பிளாக்' என்னும் கருவியை வெளியிட்டார். கருநிறமாயிருக்குமட்டும் எந்த நிறத்தையும் தெரிந்துகொள்ளலாம் என்று மோட்டார் வண்டி விற்ற ஹென்றி போர்ட் சொன்னதாக வழங்கும் வேடிக்கையை நினைவூட்டும் பெயர் அது. பயன்படுத்துவோர் விருப்பத்துக்கு அக்கருவி விட்டுவைத்தவை மிகச் சில. வரியின் நீளம் 88 இடம் என்பது அதன் வழக்கம்.

அது தொழிற்படும் முறை அறியத்தக்கது. செய்நிரலை முதலில் இலக்கணப்படி பகுத்து, கிளைவிட்ட மரம்போன்ற அமைப்பாக்கும். பின்னர் அம்மரத்திலிருந்து வரிகளைப் புதிதாக எழுதும். எழுதியதை மீண்டும் பகுத்து, பழைய மரமும் புதிய மரமும் பொருளால் ஒன்றுதானா என்று ஒப்புநோக்கும். அதன்மேலும், தான் செப்பனிட்டதையே மறுமுறை செப்பனிட்டு, ஓரெழுத்தும் மாறவில்லை என்று உறுதிசெய்யும். இரண்டில் ஒன்று தவறினும் கோப்பைத் தொடாது விட்டுவிடும். இவ்வளவு தன்னடக்கம் வாய்ந்த பதிப்பாசிரியர் மனிதருள்ளும் அரியர்.

இக்கருவி திறந்த மூலம் உடையது; எவரும் அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தம் முன்மொழியலாம். ஆயினும், ஓர் இடைவெளியை மாற்றினால் உலகெங்கும் எண்ணற்ற செய்நிரல்களில் வரிகள் மாறும். ஆதலின் 2022 முதல் அங்கே ஒரு நெறி உண்டு: ஓராண்டுக்குள் நிலைபெற்ற நடை மாறலாகாது, புதிய நடை முதலில் முன்னோட்டமாகவே வைக்கப்படும், சனவரி வெளியீட்டிலேயே தகுதியானது நிலைபெறும். திருத்தம் அனுப்புவோர் சோதனைக் கோப்பு ஒன்றையும் இணைத்தல் வேண்டும். அதன் மேற்பாதியில் செப்பனிடாத செய்நிரல், நடுவே பிரிக்கும் வரி, கீழே எதிர்பார்க்கும் வடிவம், அவ்வளவே.

இத்தகைய வேறொரு கருவிக்கு நாம் முதன்முதல் அனுப்பிய திருத்தம் திரும்பிவந்தது. ஒரு பிழையைத் திருத்தப் புகுந்து, கண்ணிற்பட்டவற்றையெல்லாம் திருத்தி, நாற்பது கோப்புக்களை மாற்றியிருந்தோம். ஒரு நேரத்தில் ஒன்றே செய்க என்பது கிடைத்த மறுமொழி. இரண்டு நாள் மனம் வெதும்பினோம். பின்னர் ஏழு வரியும் ஒரு சோதனையும் அனுப்பினோம், ஏற்றனர்.

தமிழர் கண்ணுக்கே முதலிற் புலப்படும் குறைகளும் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு மூன்றெழுத்து. யுனிகோட் முறையிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. அப்படியாயின் வரியின் நீளத்தை எப்படி அளப்பது? சீன, யப்பானிய எழுத்துக்கள் திரையில் இரண்டிடம் கொள்வதை உணர்ந்து அளக்கும் திருத்தம் பிளாக்கில் முன்னோட்டமாயிருந்து 2024 சனவரியில் நிலைபெற்றது. தமிழின் நிலை இன்னும் நுண்ணியது. யுனிகோட் பட்டியலில் இகரக்குறி இடங்கொள்ளும் குறி. ஈகாரக்குறியோ இடங்கொள்ளாக் குறி! 'மி'யையும் 'மீ'யையும் எழுதிப் பழகிய எந்தச் சிறுவனுக்கும் இது வியப்பளிக்கும். அப்பட்டியலை நம்பி அளக்கும் கருவி எங்கே பிழைபடும் என்பதைக் கண்டறியத் தமிழில் வாசிக்கத் தெரிந்தவரே வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இயங்குகின்றது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் ஏடும் புத்தகமும் இழந்த வன்னியில், இவ்வாயில்கள் திறக்குமட்டும் உயர்தர மாணாக்கன் காத்திருக்க வேண்டியதில்லை. திருத்தம் அனுப்புவோனிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. எவ்வூர் என்றும் கேட்பதில்லை. பாடசாலைக் கணினியில், தமிழ்ச் சொற்கள் விரவிய தன் செய்நிரலைச் செப்பனிடச் செய்து, எவ்வரி கோணலாக மடிகின்றது என்று முதலிற் பார்க்கட்டும். அதனை முன்னரே எவரேனும் தெரிவித்துள்ளனரா என்று தேடட்டும். இல்லையேல் ஐந்தாறு வரியில் மாதிரி ஒன்று எழுதட்டும்.

முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருப்பது ஒன்றே மாணாக்கரைத் தயங்கச் செய்கின்றது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் எவரேனும் மாதம் ஒரு மாலை ஒதுக்கி, அவர்தம் வரைவுகளைப் படித்துத் திருத்தித் தர முன்வருவாராயின், அவர் பெயரைச் சங்கச் செயலாளருக்கு எழுதுமாறு வேண்டுகின்றோம்.