கையும் கருவியும் – 11: அறுபதில் பத்து

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம் என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடம் என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்று போன வாரம் பார்த்தோம். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் பயிற்றுநர் காலியிடங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைத் தீர்க்காமல் நகர முடியவில்லை.

மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் தந்து, அக்டோபர் 4 அன்று பிரதமர் தொடங்கிவைத்த பிஎம்-சேது திட்டத்தின் கணக்கு அது. நாடெங்கும் 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்த ரூ.60,000 கோடி. இதில் மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி. மத்திய அரசின் பங்கில் பாதிக்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் நிதி தருகின்றன. அந்தக் கடனையும் அடைக்கப்போவது நாம்தான். சரி, நிர்வாகம் யாரிடம்? 'அரசு உடைமை, தொழில்துறை நிர்வாகம்' என்பதே திட்டத்தின் முழக்கம். அறுபதில் ஐம்பதைப் போடுவது மக்கள். சாவியை வாங்கிக்கொள்வது பத்து போடுகிறவர். கம்பம் சந்தையில் இரண்டு பேர் கூட்டாகக் கடை போட்டால்கூட இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இது திடீரென்று முளைத்ததும் இல்லை. 2007-08இல் 1,396 அரசு ஐடிஐகளைத் தனியார் பங்களிப்போடு மேம்படுத்த ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ரூ.2.5 கோடி வட்டியில்லாக் கடன். அதைக் கையாள ஒரு நிர்வாகக் குழு. தலைவர் ஒரு தொழிலதிபர். மாணவர் இடங்களில் 20 சதவீதம் வரை நிரப்பும் உரிமையும் அந்தக் குழுவுக்கே. அன்று ஐந்தில் ஒரு இடம், இன்று மொத்த நிர்வாகம். இதற்கிடையே நாட்டின் சுமார் 15,000 ஐடிஐகளில் ஐந்தில் நான்கு தனியாருடையவையாகிவிட்டன. மிச்சமிருக்கும் ஒரு பங்கின் கதைதான் இப்போது நடக்கிறது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே டேஃப் என்பவை அரசுத் தொழிற்கல்லூரிகள், நம் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் சேர்ந்தாற்போல. போட்டி வந்தால் தரம் உயரும் என்று சொல்லி, தனியார் கல்லூரிகளுக்கும் அரசு வாசலைத் திறந்துவிட்டது. கட்டணத்தை அரசே கல்லூரிக்குக் கட்டிவிடும்; அது மாணவர் பெயரில் கடனாக நிற்கும். 2009இல் இந்தக் கடன் 2.6 கோடி டாலர். 2015இல் 290 கோடி டாலர். ஆறே ஆண்டில் நூறு மடங்குக்கு மேல்! எப்படி? தரகர்கள் வீடு வீடாகப் போனார்கள். 'இலவச லேப்டாப்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழைகள், பழங்குடி மக்கள், வகுப்பில் ஒருநாளும் உட்காராதவர்கள் என்று பலர் தலையில் ஆயிரக்கணக்கான டாலர் கடன் ஏறியது. கல்லூரிகள் மீது நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2016 முடிவில் திட்டத்தையே இழுத்து மூடினார்கள். 2023இல் அதே நாடு, அதே டேஃப் கல்லூரிகளில் கட்டணமில்லாப் பயிற்சியைத் தொடங்கியது. பல்லாயிரம் பேரைக் கடனாளியாக்கிய பிறகு கிடைத்த புத்தி அது. நமக்கு அந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளக்கூடாதா?

நம் தேனி மாவட்டத்துக்கு வருவோம். விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அரசு ஐடிஐ என்றால் என்ன? பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் வயர்மேனோ வெல்டரோ ஆகலாம். ஃபிட்டர் பிரிவில் முதல் வாரங்களில் அரம்தான் ஆயுதம். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, ராவி ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் கீற்றாக ஒளி தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். அந்தக் கை பிறகு எந்த இயந்திரத்துக்கும் பயப்படாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குமுளி மலைச்சாலையில் போகும்போது தேக்கடித் தண்ணீரைக் கீழே இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை போய்ச் சேரும் லோயர் கேம்ப் மின்நிலையம் 1958இல் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டும் கைகளின் கதையும் அந்தக் காலத்ததுதான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945இல் உருவான அரசுத் துறையிலிருந்து 1950இல் பிறந்ததுதான் நம் ஐடிஐ பயிற்சித் திட்டம். 1956இல் அதன் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. டர்பைனை நிறுவிய அதே பத்தாண்டில், அதைப் பழுதுபார்க்கும் கைகளையும் அரசே பழக்கியது. இன்றும் மின்கம்பம் ஏறும் கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐ சான்றிதழ்தான் தகுதி.

தொழில் நிறுவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாடா டெக்னாலஜிஸுடன் 2022இல் போட்ட ஒப்பந்தத்தின்படி தமிழகத்தில் 71 அரசு ஐடிஐகளை ரூ.2,877 கோடியில் நவீனமாக்கும் வேலை தொடங்கியது. புது இயந்திரம் வரட்டும். என் கேள்வி, எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்று முடிவெடுப்பது யார் என்பது. பெரிய ஆலைகள் இருப்பது ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும். நிர்வாகம் அவர்களிடம் போனால், அவர்களுக்கு வேண்டிய ஆளைத்தான் தயார்செய்வார்கள், அதில் வியப்பில்லை. உத்தமபாளையத்தில் போர்வெல் மோட்டார் புகைந்தால் காயில் கட்டுவது யார்? திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் கொடி வாடிவிடும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கும், நூற்பாலைகளுக்கும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும் ஆள் வேண்டாமா? இவற்றில் எதுவும் பல நூறு கோடி போடும் பங்குதாரர் இல்லை. ஆனால் இவற்றை நடத்துகிறவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

ஆகவே என் கோரிக்கை நேரானது. எந்த ஐடிஐயை எந்த நிறுவனத்தோடு சேர்த்தாலும் ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அரசிடம் இருக்க வேண்டும். பயிற்றுநருக்கும் உள்ளூர்ப் பட்டறைக்காரருக்கும் விவசாயிக்கும் அதில் இடம் வேண்டும். கட்டணமும் சேர்க்கையும் எந்தக் காலத்திலும் கைமாறக்கூடாது. இந்த நான்கும் எழுத்தில் உறுதியாகும்வரை மாநில அரசு கையெழுத்துப் போடக்கூடாது.

பயிற்றுநர் காலியிடங்கள் அடுத்த வாரம், கட்டாயமாக. 'அரசால் நடத்த முடியவில்லை' என்ற பேச்சு அந்தக் காலி நாற்காலிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

(தொடரும்)